நைனாவின் கடிகாரத்தில் ஓடிய ரயில்

வாசலில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசை காய்ச்சுகிறார்கள். மைதாவில் மயில்துத்தம் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

ராயபுரத்தில் என் நைனா ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தார். நானும் அண்ணன் முருகேசனும் ஜவுளிக்கடை அட்டைப் பெட்டிகளைக் கத்தரித்து, இதே பசையால் ஒட்டி ஓர் எஞ்சின் செய்தோம். சக்கரமும் தண்டவாளமும்கூட அட்டைதான். அது ஓட வேண்டுமே என்று, நைனாவை வேலைக்கு எழுப்பும் அலாரம் கடிகாரத்தைப் பிரித்து, ஸ்பிரிங்கையும் பல்சக்கரங்களையும் உள்ளே பொருத்தினோம்.

சாவி கொடுத்தோம். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. அந்த நேரம் பார்த்து நைனா உள்ளே வந்தார்.

"என் கடியாரம் எங்க கீது?"

அண்ணன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் நகரவில்லை. மழையில் எஞ்சின் சறுக்கினால் தண்டவாளத்தில் மணல் விடுவதை நான் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன்.

"இரு நைனா, சறுக்குது. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த கடல் மணலை ஒரு பிடி அள்ளித் தூவினேன். எஞ்சின் கிளம்பிப் போய் நைனாவின் கால் கட்டைவிரலில் இடித்து நின்றது.

அவர் குனிந்து அதையே பார்த்தார். "ஓடுது, சரி. நாளிக்கி நாலு மணிக்கு என்னை யாரு எழுப்பறது?"

"நான் எழுப்பறேன்."

மணல் புகுந்த பல்சக்கரங்கள் திரும்பக் கடிகாரமாகவில்லை. என் கல்யாணத்தன்று காலையிலும் நைனாவை நான்தான் எழுப்பினேன்.

இன்றும் நாலு மணிக்கு எழுந்துவிட்டேன். இந்த வீட்டில் அலாரம் கிடையாது.