திரும்பி வந்த நானூறு ரூபாய்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு என் மனைவி ஒவ்வொரு முறையும் பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்துவந்தாள். அவள் மண்ணச்சநல்லூர்க்காரி. அவள் அப்பா அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி போக டீக்காசு கொடுப்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். நானோ ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறவன். யாராவது பத்து ரூபாய் சேர்த்துத் தள்ளினாலும் அப்படியே திருப்பித் தள்ளிவிடுவேன். சம்பளம் வாங்குகிற வேலைக்கு மேல்காசு எதற்கு என்பது என் கட்சி.

"உங்க வேலை உக்காந்து பாக்கறதுங்க. இவரு தோள்ல தூக்கிட்டு வராரு" என்பாள் அவள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

போன கோடையில் ஒருநாள் காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்தேன். மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். அப்போது அவர் சிலிண்டரோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலி சிலிண்டரோடு வாசலில் நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"அக்கா எப்பவும் மேல குடுப்பாங்க சார்."

"புக் பண்ணும்போதே பணம் கட்டியாச்சே. வீடு வரைக்கும் கொண்டாந்து குடுக்கறதும் அதுல சேர்த்திதானே?"

"மூணு மாடி சார்."

"மாடி நான் கட்டலை."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப அடுத்த தடவை கீழயே வச்சிட்டுப் போறேன். நீங்களே தூக்கிக்கங்க."

காலி சிலிண்டர் படிக்குப் படி மோதுகிற சத்தம் கீழே போய் அடங்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன். உடம்புச் சூட்டோடு கோபமும் ஏறியது. அப்போதே போனை எடுத்து ஏஜென்சிக்குப் புகார் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஐம்பது ரூபாய் வாங்குகிறார், கொடுக்காவிட்டால் மிரட்டுகிறார் என்றேன். எதிர்முனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மனைவி வந்ததும் சொன்னேன். கூடையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பகல்ல நீங்க வேலைக்குப் போயிடறீங்க. நான்தான் தனியா இருக்கேன். அந்த மனுஷன் அடுப்பங்கரை வரைக்கும் வந்து போறவரு. அவருகிட்ட பகையை வாங்கி வச்சிட்டு வந்து பெருமையா சொல்றீங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அதன்பின் எங்கள் வீட்டில் காலிங் பெல் அடித்தாலே அவள் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நானும் கவுண்டரில் உட்கார்ந்தபடி ஒருநாளைக்கு இரண்டு முறை போன் செய்தேன். "ஒண்ணுமில்லை, வச்சிடுங்க" என்பாள்.

பத்து நாள் கழித்து, என் வாராந்திர விடுமுறை அன்று காலையில் பெல் அடித்தது. மனைவி ஜன்னலில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவருதான். கையில சிலிண்டர் இல்லை."

சிலிண்டர் இல்லாமல் எதற்கு வருகிறார்? கதவைப் பாதி திறந்து, மீதியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே வர முயலவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளும், மடித்த நூறு ரூபாய் நோட்டுகள் நான்கும் எடுத்தார்.

"நானூறு இருக்கு சார். எண்ணிக்கங்க. ஒரு வருஷத்துல எட்டு சிலிண்டர் போட்டிருக்கேனாம். எட்டையும் அம்பதால பெருக்கித் திருப்பிக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் வண்டியில ஏத்த மாட்டாங்களாம்."

பத்து நாளாக அவருக்கு வேலை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவையும் வாங்குகிறார் என்று போனில் சொன்னது நான்தான். அந்தச் சொல்தான் நானூறு ரூபாயாக என் வாசலில் நீண்டுகொண்டிருந்தது. கையை நீட்டவும் முடியவில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை.

மனைவி என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். "அது நானா குடுத்ததுண்ணே. நீங்க ஒருநாளும் கேட்டதில்லை. உள்ள வைங்க அதை."

"அதைத்தான் எழுதிக் குடுங்கங்கறேன், அக்கா. வாயால சொன்னா அங்க எடுபடாது."

இணைப்பு என் பெயரில் இருந்தது. நான்தான் எழுத வேண்டும். புகாரே பொய் என்று எழுதினால் அது இன்னொரு பொய். அன்றைக்கு அவர் கேட்டார் அல்லவா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். முன்பெல்லாம் என் மனைவி விரும்பித்தான் கொடுத்தாள். அன்று மட்டும் அவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. இருவரும் கடுமையாகப் பேசிவிட்டோம். மிரட்டினார் என்று நான் சொன்னது மிகை. திருப்பித் தர வேண்டிய பணம் எதுவும் இல்லை.

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கேட்டேன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"கேட்டீங்கல்ல?"

அவர் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார்.

"கேட்டேன்" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சிலிண்டரை வேறு ஒருவர் கொண்டுவந்தார். மனைவி ஐம்பது ரூபாயை நீட்டியதும், சூடு பட்டதுபோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. இந்த வீட்டுல மட்டும் எதுவும் வாங்கிடாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க." அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

பழையவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். புத்தூரில் மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது, ஒரு அடுக்குமாடி வாசலில் வண்டியிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார். சட்டையில் வேறு ஏஜென்சியின் பெயர். அவராக விட்டாரா, அனுப்பிவிட்டார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "இருக்கேன் சார். இங்க லிஃப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மேல்காசு கொடுக்க வேண்டுமா என்பதில் நானும் மனைவியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேட்டு வாங்குவது தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தண்ணீர் கேன் போடுகிறவரோ, குழாய் ரிப்பேர்க்காரரோ வேலையை முடித்துவிட்டு வாசல் பக்கம் போகும்போது, அவள் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் உள்ள போங்க" என்கிறாள். நான் எழுந்து போய்விடுகிறேன்.