ஐஸ்கட்டிக்கு நாற்பது டிகிரி

டிப்ளமோ முடித்து, கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்த ஏழாவது மாதம் முதன்முறையாகத் தனியாக வேலைக்குப் போனேன். எப்போதும் உடன் வரும் சீனியருக்கு அன்று தங்கை கல்யாணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணபதி பகுதியில் சாயத்துணியை உலர்த்தும் ஒரு சின்னப் பட்டறை.

"அம்மணி மட்டுந்தான் வந்தீங்களா?" என்று முதலாளி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆமாங்க."

கண்காட்சி ஒன்றில் ஆசைப்பட்டு அவர் வாங்கிவந்த இன்ஃப்ராரெட் சென்சார் மேஜையில் இருந்தது. ஓடுகிற துணியைத் தொடாமலே அதன் சூட்டை அளந்துவிடும். அதை மெஷினில் ஏற்கெனவே இருந்த கண்ட்ரோலரோடு இணைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், சென்சார் தன் அளவை மில்லிஆம்பியரில் சொல்லும்; கண்ட்ரோலருக்கோ பூஜ்யம் முதல் ஐந்து வோல்ட் வரைதான் புரியும். நடுவில் இருநூற்றைம்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் மின்னோட்டம் வோல்ட்டாக மாறிவிடும். அப்படி ஒன்று என் பையில் இல்லை. ஆயிரம் ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தன. நான்கை எடுத்துப் பக்கம்பக்கமாகச் சேர்த்துப் பற்றவைத்தேன்; அப்படிச் சேர்த்தால் ஆயிரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கணக்கு சரியாக வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை.

சுவிட்சைப் போட்டதும் பெருமை போய்விட்டது. மெஷின் இன்னும் சூடேறவே இல்லை, கண்ட்ரோலரின் திரை அறுபத்து நான்கு டிகிரி என்றது.

மெஷினை ஓட்டுகிற அக்கா சென்சாருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அறுபத்தேழு.

"ஏனுங்க, எனக்கு இத்தன காய்ச்சலா? லீவு குடுப்பீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவருக்கும் அறுபத்தேழு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினேன். எதுவும் மாறவில்லை.

என் முகத்தைப் பார்த்த அக்கா, "சுட்டதுக்குத்தான் தப்பாச் சொல்லுதா, குளுந்ததுக்குமான்னு பாத்துப்போடலாங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த சோடாக் கடையில் ஒரு சட்டி நிறைய ஐஸ்கட்டி வாங்கிவந்தார். சென்சாரை அதன் நேரே பிடித்தேன்.

நாற்பது.

பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் நாற்பது. இருநூறு டிகிரி வரை அளக்கும் சென்சாரில் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அப்போதுதான் உறைத்தது. இந்த சென்சாரின் மில்லிஆம்பியர் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. நான்கில் தொடங்கி இருபதில் முடியும். இருபதில் நான்கும் ஐந்தில் ஒரு பங்குதானே. ஒன்றுமில்லை என்று சொல்லவே அது நான்கு மில்லிஆம்பியர் அனுப்புகிறது, கண்ட்ரோலர் அதையும் சூடு என்று நம்புகிறது.

கண்ட்ரோலரின் அளவுகோல் தொடங்கும் இடத்தை பூஜ்யத்திலிருந்து மைனஸ் ஐம்பதுக்கு மாற்றினேன். அங்கிருந்து இருநூறு வரை மொத்தம் இருநூற்றைம்பது; அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது ஏறினால் சரியாகப் பூஜ்யம்.

"மைனஸ் அம்பதுங்களா?" முதலாளி கலவரமானார். "நாம துணியில்லீங்களா காயப் போடுறோம்."

"கணக்குக்கு மட்டுந்தானுங்க. வயரு அந்துபோனாத்தான் அது திரையில வரும்."

அவர் நம்பவில்லை. தானே வயரை உருவிப் பார்த்தார். மைனஸ் ஐம்பது வந்தது. திரும்ப மாட்டினார். பாதி உருகியிருந்த ஐஸ்கட்டிக்கு பூஜ்யம் வந்தது. அக்காவின் கைக்கு முப்பத்து நான்கு.

"காய்ச்சல் உட்டுருச்சுங்க, லீவு கெடையாது" என்றார் முதலாளி.

மெஷினை ஓட்டினோம். நூற்றிருபதில் நிலைநிறுத்தினோம். ஊதாத் துணி மறுமுனையில் வந்து விழுந்தது. அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். ஈரம் துளியும் இல்லை.

"மொதல்ல சாப்புடு கண்ணு, மூஞ்சியே வாடிப்போச்சு" என்று தன் டிபன்பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சாதத்தில் பாதி எனக்கு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை கிணத்துக்கடவில் ஒரு தேங்காய் நார் ஆலையில் வேலை வந்தது. சீனியர் திரும்பி வந்திருந்தார். ஆனாலும் கம்பெனியில் வேலை ஒதுக்கும் பலகையில் அதற்கு நேராக என் பெயர் மட்டும் எழுதியிருந்தது.