காவிப் பட்டை அடித்த அடுப்பு

அந்த அடுப்புக்கு நீலமே அடித்திருக்கலாம். கலர் கார்டில் தேவகி முதலில் விரல் வைத்தது நீலத்தில்தான். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி மலையடிவாரத்துக்குக் குறுக்கு வழியில் நடப்பவர்கள் எங்கள் தெருவைத்தான் பிடிப்பார்கள். தெருவில் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நேர் எதிரே தேவகியின் வீடு. அந்த வீட்டின் முன்சுவரை ஒட்டி, தெருவைப் பார்த்த மாதிரி, செங்கல்லில் கட்டிய பெரிய அடுப்பு ஒன்று உண்டு. மேலே ஆளுயரத்தையும் தாண்டிப் போகும் புகைக்கூண்டு. இரண்டு பக்கமும் சுவரிலேயே பதித்த கடப்பாக்கல் தட்டுகள். கட்டியவர் தேவகியின் கணவர் வேணு, கொத்தனார். கட்டிய கையோடு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு தேவகி அந்த அடுப்பில் இட்லி அவித்தாள். ஸ்டேஷனிலிருந்து வருகிற பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடு அவள் கையால்தான். அப்படித்தான் மகள் தீபாவை பி.காம். வரை படிக்க வைத்து, மணவூரில் விஷ்ணு என்ற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

தேவகி இனிமையான பெண் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். இரண்டாவது முறை சட்னி கேட்டவனை அவள் பார்க்கிற பார்வையில் இட்லியே தொண்டையில் நிற்கும். பள்ளிப்பட்டில் தறி போட்ட குடும்பம் அவளுடையது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நூல் சாயத்தைப் பார்த்தே வளர்ந்ததால் கலர் விஷயத்தில் தன் கண் தப்பாது என்று ஒரு பெருமை உண்டு. என் மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், "பொடவ ஒடம்புக்கும் பார்டருக்கும் சண்ட போட்டுகினு நிக்குதே" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். சொன்னது சரியாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

முழங்கால் தேய்ந்து கடையை மூடினாள். அடுப்பு சும்மா கிடந்தது. கரி பிடித்து, ஆள் இல்லாமல், தெருவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கிற சுவரைக் கண்டால் நம் ஊர் ஆண்கள் என்ன செய்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடப்பாக்கல் தட்டுகளில் காலி பாட்டில்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். அடுப்பு வாயில் மூத்திரம். 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று தேவகி கரியால் எழுதினாள். எழுத்தின் மேலேயே அடித்துவிட்டுப் போனார்கள்.

நாற்றம் முழுக்க முன்னறை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். தீபா பிரசவத்துக்கு வந்து படுக்கப் போவது அந்த அறையில்தான். ஆனியில் வளைகாப்பு முடிந்தது. ஆடி கழிந்ததும் ஆவணியில் அழைத்து வருவதாக ஏற்பாடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதுவும் இந்தத் தாய்க்கு வேறு யாரும் கிடையாது. அந்தக் குழந்தையைத் தன் வீட்டில், தன் கையால் குளிப்பாட்ட வேண்டும் என்பதைத் தவிர தேவகி அந்த வருஷம் வேறெதையும் பேசவில்லை.

அதற்காகத்தான் பெயிண்டர் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டாள். அவன் கலர் கார்டை விரித்தான். தேவகி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவள் போல உட்கார்ந்தாள். செங்கல்லுக்கு ஒரு கலர், தட்டுகளுக்கு வேறு கலர், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். நீலத்தில் விரல் வைத்தாள். பிறகு பச்சை. பச்சை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். மறுபடியும் நீலம்.

"நீலம் அடிச்சா ஒரு வாரம் தாங்காதுக்கா. அதும்மேலயும் போவானுங்க" என்றான் துரைக்கண்ணு.

தேவகி கார்டை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஸ்கூல் காம்பவுண்டுல காவியும் வெள்ளையுமா பட்ட அடிச்சாங்களே, அங்க எவனாச்சும் போறானா?"

"போறதில்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப செங்கல்லுக்குக் காவியும் வெள்ளையும் பட்ட. தட்டுக்கெல்லாம் மஞ்சா. நல்ல மஞ்சா, கெழங்கு மஞ்சா மாதிரி."

துரைக்கண்ணு சிரித்துவிட்டான். "கோயிலு மாரி ஆயிடும்க்கா."

"ஆவட்டும். கோயில்னு நெனச்சாத்தான நாயிங்க கால தூக்காது."

மூன்று பேரும் சிரித்தோம். அவன் அடித்துக் கொடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஒருவனும் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை. குடித்துவிட்டு வந்தவன்கூட அடுப்பைப் பார்த்ததும் தள்ளாடியபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தான். தேவகி ஜன்னலைத் திறந்து வைத்து மூச்சை இழுத்து இழுத்துக் காட்டினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்தது. ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அடுப்புக்கு முன்னால் செருப்பைக் கழற்றியது. இது என்ன சாமி என்று தெலுங்கில் கேட்டார்கள். தேவகி தெலுங்கிலேயே, சாமி இல்லை, இட்லி அவித்த அடுப்பு என்றாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டே அடுப்பு வாயில் கற்பூரம் ஏற்றினார்கள். தேவகி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்து வந்தவை படங்கள். வீட்டில் கண்ணாடி உடைந்த சாமி படம், செல்லரித்த சாமி படம் இருந்தால் குப்பையில் போட மனம் வராது. அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவோம். எங்கள் தெருவில் அரசமரம் இல்லை. மஞ்சள் பூசிய கடப்பாக்கல் தட்டுகள் இருந்தன. யார் வைக்கிறார்கள் என்றே தெரியாது. முகம் உரிந்த லட்சுமி, தண்ணீர் இறங்கிய பிள்ளையார், யாரென்றே தெரியாத அளவுக்கு வெளுத்துப்போன ஏதோ ஒன்று. எல்லாம் வரிசையாக முன்னறை ஜன்னலை ஒட்டி நின்றன. தேவகி அவற்றை எடுத்துப் போடக் கை நீட்டுவாள், அப்புறம் கையை இழுத்துக்கொள்வாள். அவளும் நம்மைப் போலத்தானே.

ஒரு காலையில் அடுப்பு வாய்க்குள் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து ஒரு கல் இருந்தது. பூக்காரத் தமிழ்செல்வி, இத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவள், கூடையைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் இடம் பிடித்தாள். தேவகியின் வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடையை, சாமி முன்னால் தொங்கக் கூடாதென்று யாரோ மடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டவில்லை, பேசவில்லை. ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள். தேவகி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"என் வூட்டுக்குள்ள யாரு வந்தாங்கன்னே தெரியலண்ணா."

துரைக்கண்ணுவைத் தேடிப் போனோம். நீலம் அடித்துவிடு, கூலி இரண்டு பங்கு தருகிறேன் என்றாள். அவன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"என்னால ஆவாதுக்கா. எனக்கும் புள்ளைங்க இருக்குது. வேற யாரையும் கேக்காத, எவனும் வர மாட்டான்."

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பிளாட் போட்டு விற்பவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். கூட நான்கு பேர் கைகட்டி நின்றார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து கமிட்டி போட்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை கம்பிக் கதவு போட்டுப் பூட்டப் போவதாகவும் சொன்னார். தெருக்காரன் நான், என்னை யாரும் கேட்கவில்லை. பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்று தேவகி கேட்டாள். அவர் முன்னறை ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"பாப்பா பிரசவத்துக்கு இங்கியாக்கா வருது?"

"ஆங். நாள மறுநாளு காலைல."

"அதான் யோசனையா இருக்குது. ஜன்னலுக்கு இந்தாண்ட அம்மா, அந்தாண்ட தீட்டு. நான் ஒண்ணும் வராதன்னு சொல்லல. ஒன் வூடு. ஆனா நாளைக்கு அதுக்கோ கொழந்தைக்கோ ஏதாச்சும் ஒண்ணுன்னா, முன்னாடியே சொல்லலன்னு நீ எங்கள கேக்கக் கூடாது பாரு."

சொல்லிவிட்டு எழுந்து, அடுப்பைக் கும்பிட்டுவிட்டுப் போனார். தேவகி அடுப்புச் சுவரில் கை ஊன்றி நின்றாள். சுவரில் கை பட்ட இடம் காவிப் பட்டை. சுட்டது போலக் கையை எடுத்தாள். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அவர் சொன்னதில் எந்த வார்த்தையைப் பிடித்துச் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை.

தீபா வருகிற அன்று காலையில் கடையைத் திறந்தபோது, தேவகி சவுக்கு விறகைக் கட்டோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். வெந்நீர் தவலை ஏற்கெனவே வெளியே இருந்தது. நான் ஓடிப் போய் ஒரு கை பிடித்தேன்.

"என்ன பண்றம்மா?"

"அடுப்பு பத்த வெக்கிறேன். எரியறத எல்லாரும் பாக்கட்டும். எம்பொண்ணு வந்து எறங்கனதும் இந்தத் தண்ணிலதான் குளிக்கணும். கதவு போட்டுட்டா அப்புறம் முடியாது."

குனிந்து, அந்தக் கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். ஓர் ஓரமாகத் தட்டின்மேல் வைத்தாள். விறகை அடுக்கிக் கொளுத்தினாள். எவ்வளவு நாளாகவோ விறகு நெருப்பு காணாத அடுப்பு; முதலில் கண்ணைக் கரிக்கும் புகை வந்தது. பிறகு வேணு கட்டிய புகைக்கூண்டு இழுக்க ஆரம்பித்து, புகை நேராக மேலே போனது. நன்றாகக் கட்டியிருந்தார் மனிதர்.

புகையைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். பூக்கூடை, டீ கிளாஸ், துண்டு என்று கையில் இருந்ததோடு வந்து நின்றார்கள். ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போனவர்களும் நின்றார்கள். நாகேந்திரன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார். தேவகி ஊதி ஊதி முகமெல்லாம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, கையெல்லாம் கல்லின் மஞ்சளும் அடுப்புச் சாம்பலுமாக நிமிர்ந்தாள்.

"இது அடுப்பு. என் வூட்டு அடுப்பு. நான் இட்லி அவிச்ச அடுப்பு. யாரக் கேட்டு இங்க வந்திங்க? போங்க எல்லாரும்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தனை நாள் அடக்கியது மொத்தமாக வந்தது. உடம்பு ஆடியது. கூட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. தீர்ந்தது, கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

தமிழ்செல்வி கூடையைக் கீழே வைத்துவிட்டு, முட்டி போட்டு, கைகளைத் தலைக்கு மேல் கூப்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக.

"எறங்கிட்டா" என்றார் யாரோ, மெதுவாக.

"யாரு மேலயும் எதுவும் எறங்கல. அது கோவத்துல பேசுது" என்று நான் சொன்னேன். சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

நாகேந்திரனைப் பார்த்தேன். அந்த ஆளும் ஒரு கணம் திகைத்ததைக் கண்டேன். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். இதுவரை அக்கா என்று கூப்பிட்ட அதே வாய்.

"கோச்சிக்காத தாயே. எடம் இல்லாம அடுப்புல வெச்சிட்டோம்னுதான கோவம்? ஒனக்குன்னு எடம் கட்டித் தரோம். சொல்லு, வேற இன்னா கொற?"

"டேய், நான் தேவகிடா" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் இல்ல. என்னைய வுட்ருங்க. எம்பொண்ணு வருவா, வழி வுடுங்க."

"பொண்ணு கேக்குது. கன்னிப் பொண்ணு ஒருத்திய வெச்சி வெளக்கு ஏத்தணும்னு கேக்குது" என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட, கும்பிடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தவலையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஒருத்தி அதைச் சொம்பில் மொண்டு பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தாள். இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

அப்போது தெரு முனையில் ஆட்டோ வந்து நின்றது. விஷ்ணு பையோடு இறங்கினான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீபா. தேவகி அவளைப் பார்த்துவிட்டாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, விறுவிறுவென்று நடந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. போகிற வழியில் ஆட்கள் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு மகள் மட்டும்தான் தெரிந்தாள்.

தீபா நின்ற இடத்திலேயே நின்றாள். அவிழ்ந்த முடியையும், மஞ்சள் கையையும், பின்னால் எரிகிற நெருப்பையும், தெருவே மண்டியிட்டுக் கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷ்ணு அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தான். அவளும் கழற்றினாள். தார் ரோட்டில் வெறுங்காலோடு, பெரிய வயிற்றுக்கு மேல் கைகளைக் கூப்பினாள்.

"தாயே, என் கொழந்த நல்லபடியா பொறக்குமா?"

தேவகி வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அது என்னவாகும் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சாம்பல் படிந்த கையை நீட்டி, மகளின் கன்னத்தைத் தொடப் போனாள்.

தீபா கண்ணை மூடிக்கொண்டு, திருநீறு பூசிக்கொள்ள நெற்றியைக் காட்டினாள்.