மச்சான் பிடிக்காத கயிறு

கொழும்பில் கந்தோர் வைத்திருந்த ஒரு கம்பனி எங்கள் பக்கத்துக் கடலில் சிப்பி விளையும் முத்துப்பாரைக் குத்தகைக்கு எடுக்க யோசித்து, நிலைமையைப் பார்த்துவர ஒரு துரையை அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இங்கிலீசு தெரியும் என்பதால் என்னைத் துபாசியாக வைத்துக்கொண்டார்கள்.

என் அக்காவின் கணவர் சிப்பி குளிப்பவர். அரசாங்கம் முத்துக்குளிப்புக்கு உத்தரவு கொடுக்காத வருடங்களில் அவருக்கு அந்த வேலை இல்லை. கரைவலை இழுத்துத்தான் வீட்டில் உலை வைத்தார்கள். கம்பனி வந்தால் பருவந்தோறும் வேலை இருக்கும். அந்த நினைப்பிலேயே அக்கா அந்தக் கிழமை முழுவதும் செபமாலையும் கையுமாக இருந்தாள்.

துரை சோதனைக் குளிப்புப் பார்க்க வந்த அன்று, முள்ளிக்குளத்துக்கு நேரே கடலில் தோணி நின்றது. அதில் அத்தான், என் அண்ணன், சிப்பி குளிக்க வந்திருந்த ஓர் அரபி, ஒரு மலையாளி, இன்னும் சிலர். உனக்கு என்னென்ன பாஷை தெரியும் என்று அத்தானிடம் கேட்கும்படி துரை என்னிடம் சொன்னார்.

"அரபி தெரியும், மலையாளம் தெரியும், நீர்கொழும்புப் பக்கம் போய்ப் பழகின சிங்களமும் கொஞ்சம் கிடக்கெண்டு சொல்லு தம்பி. உன்ர அக்காவோட சண்டை பிடிக்கத்தான் ஒண்டும் காணாது."

நான் மொழிபெயர்க்கும் முன்பே அரபி விழுந்து விழுந்து சிரித்தான். துரை அதைக் கவனித்தார். தொழிலும் தெரிந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்கும் விளங்குகிற ஆட்கள் உள்ள இடத்தில் துணிந்து முதல் போடலாம் என்றார். என்னையே பாராட்டியதுபோல எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகுதான் அவர் ஆட்களை மாற்றி நிறுத்தச் சொன்னார். குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன் பிடிப்பதே எங்கள் வழக்கம். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே தூக்கிவிட வேண்டும். தன் சகோதரி தாலியறுக்க விட்டுவிட்டு எவனும் பராக்குப் பார்க்கமாட்டான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அத்தானுக்கு அண்ணன்தான் பிடித்தான். துரைக்கு அது சரிவரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேருடைய வேலை கெடும். யாரும் யாருக்கும் பிடிக்கலாம், பாஷைதான் தெரியுமே என்றார்.

"என்ர தங்கச்சி புருசன்ர கயிறை நான் பிடிக்காமல் ஆர் பிடிக்கிறது? துரையோ?" என்று அண்ணன் சீறினான்.

"சும்மா இரு மச்சான். இண்டைக்கு ஒரு நாள்தானே. வேலை வரட்டும்" என்றார் அத்தான்.

அத்தானின் கயிறு அரபியின் கைக்குப் போனது. அவன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான். "தன்ர தம்பியைப் போல பாப்பானாம்" என்று அத்தான் எனக்குச் சொல்லிவிட்டு, ஆளை அடிக்கு இழுக்கும் குளிகல்லில் கால் வைத்து இறங்கினார். அண்ணன் மலையாளியின் கயிற்றைப் பிடித்திருந்தான். பார்வை மட்டும் அத்தான் இறங்கிய இடத்தை விட்டு அசையவில்லை.

கயிறு வெள்ளெனவே, வழக்கமான நேரத்துக்கு முன்பே, அசைந்தது. அரபி உடனே தூக்கினான். அவனில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அத்தானின் கூடையில் சிப்பி அடியைக்கூட மூடவில்லை. மறுபடி இறங்கினார், அதே கதை. மலையாளியும் அப்படித்தான்.

துரையின் முகம் கறுத்தது. "இவர்கள் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். ஒருவன் பாஷை மற்றவனுக்குத் தெரிந்தால் இதுதான் நடக்கும். நாளைக்கு எல்லாரும் சேர்ந்து வேலையை நிறுத்தினால் கம்பனி என்ன செய்யும்?"

"மாதா அறிய ஒரு சொல்லும் கதைக்கேல்லை எண்டு சொல்லு" என்றார் அத்தான். சொன்னேன். துரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் அரபியிடமிருந்து கயிற்றை வாங்கி அண்ணனிடம் கொடுத்தார். "இப்ப பாக்கச் சொல்லு."

இறங்கியவர் வரவில்லை. நான் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கிவிட்டேன். அண்ணன் கண் இமைக்கவில்லை. கடைசியில் மேலே வந்தபோது கூடையில் சிப்பி வழிந்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது. கூடையைத் துரையின் காலடியில் வைத்துச் சிரித்தார். காரியம் பழமாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

துரை நிதானமாகச் சொன்னார்: "ஆக, இவனால் முடியும். முதலில் வேண்டுமென்றேதான் செய்யவில்லை."

அதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

அத்தானின் சிரிப்பு நின்றது. "வேணுமெண்டு செய்யேல்லையடா தம்பி. அரபி நல்லவன். ஆனால் கீழ போனாப் பிறகு நெஞ்சு 'ஏறு, ஏறு' எண்டு கிடந்து அடிக்குது. அதை அவருக்கு விளங்கப்படுத்து."

எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் சேர்த்து விளங்கப்படுத்தினேன். பேச்சு விளங்குகிறவர்களுக்குள் என்ன பயம் என்று துரை கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தோணியைத் திருப்பச் சொன்னார்.

கம்பனி வரவில்லை. சோளகக் காற்றுத் தொடங்கியதும் அத்தான் கொழும்புத் துறைமுகத்துக்குக் கரி ஏற்றப் போனார். அவரை அனுப்பிவிட்டு வந்த அன்று அக்கா என்னிடம் கேட்டாள்: "நீ துரைக்கு வடிவாச் சொன்னனியோடா?"

"சொன்னனான் அக்கா."

"இவ்வளவு படிச்சும் உன்னால விளங்கப்படுத்த ஏலேல்லையோ?" என்றாள்.