வெயில் ஜாஸ்தி, சூடு கம்மி

கூரைகூட இல்லாத இடத்தில் வெல்டிங் பட்டறை போட்டவன் நான். செங்கம் ரோட்டில் பாதி வீட்டு கேட் என் கைவேலை. கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில் புகைப்போக்கியை நிறுத்தியதும் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அப்படிப்பட்ட என்னையே ஒருவர் குழப்பிவிட்டார்.

எண்பதுகளில் திருவண்ணாமலை ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த விஞ்ஞானி அவர். ஒல்லி உடம்பு, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. பேச்சுக்கு நடுவே தன் நிழலைப் பார்ப்பார். அது நகர்ந்திருந்தால், நான் செய்துகொடுத்த கண்ணாடித் தட்டைச் சூரியன் பக்கம் திருப்புவார். தட்டில் விழும் வெயிலெல்லாம் நகமளவு சோலார் செல் வில்லையில் குவிந்து கரண்ட் ஆகும்.

"இந்த செல்லுல ரெண்டு ஜங்ஷன் இருக்குங்க" என்றார்.

"நம்ம ரயில் லைன்ல இருக்கறது தெரியாதா சார்? இந்தப் பக்கம் விழுப்புரம், அந்தப் பக்கம் காட்பாடி."

"அதில்லீங்க. மேல் அடுக்கு நீல வெளிச்சத்தைப் பிடிக்கும், கீழ் அடுக்கு சிவப்பைப் பிடிக்கும். வெயில் ஜாஸ்தி வேணும், சூடு கம்மியா வேணும். சூடு ஏறுனா கரண்ட் இறங்கிடுது. இப்படியே இறங்குனா மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்."

"அது எந்த ஊரு வெயிலு சார்? இங்க ரெண்டும் ஒண்ணாதான் வரும்."

அவர் முகம் வாடிவிட்டது. பார்க்கச் சகிக்காமல், வில்லைக்குப் பின்னால் செப்புத் தகடும் தண்ணீர் ஓடும் குழாயும் பற்றவைத்துக் கொடுத்தேன். மீட்டர் முள் ஏறியது, இறங்கவில்லை. மனிதர் குழந்தைபோலக் கைதட்டினார்.

வெயிலையும் சூட்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த செல்லைப் பற்றி யார் எழுதினாலும், தகடு வைத்தவன் திருவண்ணாமலை வெல்டர் என்று சேர்த்து எழுத வேண்டும்.