ஜன்னல் வழியே கொடுத்த பிள்ளை

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்த முதல் வாரம், காய்ச்சலில் கொதிக்கும் மகளை டாக்டரிடம் காட்டப் பேருந்துக்கு நின்றேன். கல்லூரி விட்ட நேரம். வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை.

ஜன்னலோரம் இருந்த மாணவி கை நீட்டினாள். “பாப்பாவ குடுங்கக்கா. நீங்க ஏறிக்கினு வாங்க.”

வேறு வழி தெரியாமல் கொடுத்தேன். நான் படியை எட்டுவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

செருப்பு கழன்று விழ, கத்திக்கொண்டே ஓடினேன். அவள் முகம்கூட நினைவில்லை. பெற்ற பிள்ளையை யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டேனே!

திடீரென்று உள்ளேயிருந்து எல்லாரும் தகரத்தைத் தட்டும் சத்தம். வண்டி நின்றது. படியில் தொங்கிய மாணவர்கள் இறங்கி எனக்கு வழிவிட்டார்கள்.

மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றியில் ஈரக் கைக்குட்டையோடு.

“இன்னாக்கா, பயந்துட்டீங்களா?”

குழந்தையை வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். “எறங்கற வரைக்கும் உன் மடியிலேயே இருக்கட்டும்மா” என்றேன். சென்னையில் எதிர்வீட்டாரிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.