புறங்கையில் குழைத்த நிறம்

பிரஷ் கழுவுகிற வேலையை ஸ்ரீலட்சுமி யாரிடமும் விட்டதில்லை. வேலைக்கு வரும் ஒச்சம்மாள் பாத்திரம் துலக்கிவிட்டுப் போனபிறகு, குழாயடியில் முக்காலியைப் போட்டு உட்காருவாள். குழந்தைகளுக்குத் தேய்க்கிற ஷாம்பூவை உள்ளங்கையில் விட்டு, ஒவ்வொரு பிரஷையும் சுழற்றி நுரைக்க வைத்து, தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அலசுவாள். பிறகு மேசை விளிம்பில் துண்டை விரித்து, முடிப்பக்கம் வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைப்பாள். நிமிர்த்தி வைத்தால் ஈரம் அடியில் இறங்கிப் பசை விட்டுவிடும். அப்புறம் மணப்பெண்ணின் கன்னத்தில் முடி கொட்டும்.

அன்று காலை பிரஷ்களோடு அவளுடைய இடது கையும் வெளுத்துத் தெரிந்தது. பெருவிரல் அடியில் பயறளவு வெண்புள்ளியாகத் தொடங்கிய வெள்ளை, இப்போது புறங்கை முழுக்கப் பரவி மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. ஓரங்கள் மட்டும் வரைபடத்தில் கரை போட்டது மாதிரி தெளிவாக இருந்தன. துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கணவர் ஜனகராஜ் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் அவருக்கு. கடை முன்போல இல்லை என்றாலும் காலையில் கடைக்குப் போகிற அவசரம் மட்டும் குறையவில்லை.

"களிம்பு பூசிட்டியா?"

"இனிமேதான். பூசாம போவேனா?"

"வேர்த்தா?"

"வேர்த்தாலும் கரையாதுன்னு நீங்கதான டப்பாவப் பாத்துப் படிச்சுக் காட்டுனீங்க."

"போட்டிருந்ததப் படிச்சேன். அத நானா எழுதுனேன்?" செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இந்த ஒண்ணோட நிறுத்திக்க லெச்சுமி. முகூர்த்தம் முடியட்டும். அப்புறம் நீ வெளிநாட்டுக்குப் போய்க்கூடப் பூசு, நான் கேக்க மாட்டேன்."

"முகூர்த்தம் முடிஞ்சா பேறுகாலம் முடியட்டும்பீங்க."

அவர் படியிறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளையை மறைக்கிற அந்தத் தோல்நிறக் களிம்பை எங்கெங்கோ விசாரித்து வரவழைத்ததே அவர்தான். தொத்து வியாதி இல்லை என்று தோல் டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கு மறுவாரம் மகள் இந்துப்ரியா தனக்கென்று ஒரு சோப்பு வாங்கித் தனி டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

இந்துப்ரியாவுக்குப் பேசி முடித்திருந்த பையன் உமேஷ். அவன் அப்பா சாய்பிரசாத்தும் சேலை வியாபாரிதான், ஒரே சாதிசனம். ஆவணியில் கல்யாணம். அந்த வீட்டில், பெண்ணின் அம்மாவுக்குக் கையில் வெள்ளை என்று ஒரு சொல் விழுந்தால் போதும். நோய் இல்லை என்பதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? குடும்பத்தில் இருக்கிறது என்பார்கள். நாளைக்குப் பிள்ளைக்கு வராதா என்பார்கள்.

முனிச்சாலையில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஸ்ரீலட்சுமிக்குக் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கடை தேய ஆரம்பித்ததும் சிம்மக்கல்லில் ஒரு பார்லரில் புருவம் திருத்தப் போனாள். அங்கிருந்து மணப்பெண் அலங்காரம். "ரெண்டு மாத்து நிறம் கூட்டிப் போடுங்க" என்று ஒவ்வொரு பெண்ணின் அம்மாவும் காதருகே வந்து சொல்வாள். கூட்டிப் போட்டாள், கறுப்பை மாநிறமாக, மாநிறத்தைச் சிவப்பாக. இத்தனை வருஷத்தில் மதுரையில் அவள் கூட்டாத நிறம் இல்லை.

கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீகுமார் துணிக்கடை விளம்பரங்களுக்கும் பத்திரிகைப் படங்களுக்கும் மாறியபோது அவளையும் கூப்பிட்டான். "கல்யாணத்துல முகம் வந்தவனுக்கெல்லாம் பிடிக்கணும்க்கா. இங்க சேலைக்குப் பிடிச்சாப் போதும்" என்றான். அந்த ஒரு பேச்சில் அவள் விழுந்துவிட்டாள். அதுவரை அவள் கை மட்டும்தான் வேலை செய்தது. இதற்குப் பிறகுதான் தலையும் வேலை செய்தது. வெறும் முக வரைகோடு அச்சிட்ட தாளில், பென்சில் வைத்து இல்லை, பூசப்போகிற அதே பவுடரையும் அதே உதட்டுச் சாயத்தையும் வைத்து முன்கூட்டியே வரைந்து பார்ப்பாள். மேடையில் நடக்கிற பெண்ணின் கண் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிய வேண்டும், மையை நெற்றிப்பொட்டு வரை இழுக்கலாம். பத்திரிகைப் படத்துக்கு அது ஆகாது. முகத்தில் ஒன்றுதான் பேச வேண்டும், உதடு பேசினால் கண் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கையில், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன லெச்சுமி, கலர் புக்கா?" என்று கேலி செய்வாள்.

இந்த வேலை பிரியம்வதா கொடுத்தது. சுங்குடியில் கவுன், மேல்கோட்டு என்று தைத்து விற்கிற பெண். ஒரு பத்திரிகைக்குப் படங்கள், அடுத்த மாதம் ஓட்டல் ஒன்றில் ஃபேஷன் மேடை நடை, இரண்டுக்கும் தோற்றம் திட்டமிட வேண்டும். துணி எடுப்பது சாய்பிரசாத்திடம். வாரத்தில் பாதி நாள் அவர் கடையில்தான் இருப்பாள். ஸ்ரீலட்சுமிக்கு அதுதான் பயம். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

"லட்சுமிக்கா, ஒண்ணே ஒண்ணுதான்" என்று பிரியம்வதா முதல் நாளே சொன்னாள். "இந்தப் பொண்ணு நிறம் அப்படியே வரணும். ஒரு ஷேடு ஏத்தினா எனக்கு வேண்டாம். இதுக்காகவே இவளைத் தேடிப் பிடிச்சிருக்கேன்."

அந்தப் பெண் நாகஜோதி. எழுமலைக்காரி, மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. ஒத்திகைக்கு ஸ்ரீலட்சுமியின் வீட்டுக்கு வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆண்டுவிழாவுக்கு ஒருக்கா போட்டுவிட்டாங்கக்கா. மூஞ்சி ஒரு ஊரு, கழுத்து ஒரு ஊரு. பயலுக மாவு மில்லுன்னு கூப்பிட்டாங்ய."

"நல்லா சாஞ்சு உக்காரு. மாவெல்லாம் நான் தோசைக்குத்தான் வச்சிருக்கேன்."

நாகஜோதி சிரித்தாள். வழக்கமாகப் புறங்கையில் குழைப்பவள், கைக்களிம்பு கலந்துவிடுமே என்று அன்றைக்கு எச்சரிக்கையாக ஸ்டீல் தட்டில்தான் குழைத்தாள். இரண்டு பழுப்பு க்ரீம், ஒரு துளி சிவப்பு. போட்டதும் தெரியவில்லை, போடாதது போலவும் இல்லை. கன்னமேட்டில் எண்ணெய்ப் பளபளப்பு, உதட்டில் நாவற்பழக் கறை, அவ்வளவுதான். நாகஜோதி முகத்தை இருபக்கமும் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு, "நாந்தானக்கா இது? ஒரு படம் எடுத்துக் குடுங்கக்கா, எங்க அப்பாகிட்ட காட்டணும். ஒன்னய யாரு படம் புடிக்கப் போறான்னு சொன்ன மனுசன்" என்றாள்.

அன்றைய படப்பிடிப்பு அலங்காநல்லூர் போகிற வழியில், மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையில். ஆலையின் பழைய ஆபீஸ் அறையை அலங்காரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஜன்னல், அதுவும் மரச்சட்டம் அடித்து மூடியது. மேலே மஞ்சள் பல்பு. பத்து மணிக்கே அறை இட்லிக் கொப்பரை மாதிரி இருந்தது. ஸ்ரீலட்சுமி தாளைச் சுவரில் ஒட்டினாள், பிரஷ்களைப் பரப்பினாள். களிம்புக்கு மேல் பவுடர் தட்டிய இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சரியாகவே இருந்தது.

"அக்கா, வெயில் கூரை ஓட்டைக்கு நேரா வந்துருச்சு. அது நகந்துட்டா போச்சு, சீக்கிரம்" என்று ஸ்ரீகுமார் வாசலில் நின்று கத்தினான்.

ஸ்டீல் தட்டு பைக்குள் எங்கோ இருந்தது. க்ரீம் வெக்கையில் பிரிந்து, எண்ணெய் தனியாக நின்றது. பிரிந்த க்ரீமை உடம்புச் சூட்டில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கை அவளைக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகச் செய்ததைச் செய்தது. இடது புறங்கையில் இரண்டு பழுப்பையும் பிதுக்கி, பிரஷால் அழுத்தி, வட்டமாகக் குழைத்து, எடுத்து, நாகஜோதியின் நெற்றியில் தொடங்கி இறக்கினாள். மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பழுப்பு. குறை ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

கூரை ஓட்டை வெயிலில் நீலச் சுங்குடிக் கவுனில் நாகஜோதி நின்றாள். ஃபிளாஷ் வெட்டியது. ஸ்ரீகுமார் கேமராவைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி எடுத்தான், மறுபடி பார்த்தான். பிறகு மடிக்கணினியில் போட்டு, பிரியம்வதாவைக் கூப்பிட்டான்.

திரையில் நாகஜோதியின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கழுத்து கறுப்பு, தோள் கறுப்பு, முகம் மட்டும் விபூதிச் சட்டிக்குள் விட்டெடுத்தது போல.

"என்னக்கா, பழைய ஞாபகமா?" என்றான் ஸ்ரீகுமார், பாதி சிரிப்பாக. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் வரலையே இங்க."

ஸ்ரீலட்சுமி கையைக் குனிந்து பார்த்தாள். குழைத்த இடத்தில் களிம்பு முழுதும் பிரஷோடு போயிருந்தது. பழுப்புக் கறைக்கு நடுவில் தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அவளுடைய வெளிர்நிறக் கைக்கென்று செய்த களிம்பு, வெள்ளைச் சத்து நிறைந்தது, அத்தனையும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஏறியிருந்தது. ஃபிளாஷில் அது வேறெப்படித் தெரியும். முந்தானையை இழுத்துக் கையைச் சுற்றிக்கொண்டாள். யாரும் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள்.

"லட்சுமிக்கா." பிரியம்வதா குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஆமா."

"ட்ரயல் ஃபோட்டோல சரியாத்தானே பண்ணியிருந்தேள். இன்னைக்கு என்ன ஆச்சு? லைட் பத்தலையா, வேற ப்ராடக்டா? ஏதாவது சொல்லுங்கோ, நான் புரிஞ்சுக்கறேன்."

புரிந்துகொள்வாள், அதில் சந்தேகமே இல்லை. முந்தானையை விலக்கிக் காட்டினால், ஐயோ அக்கா, இதுக்கா மறைச்சேள் என்று கையைக்கூடப் பிடித்துக்கொள்வாள். நாளைக்குச் சாய்பிரசாத் கடையில் உட்கார்ந்து, உங்க சம்பந்தியம்மாவுக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா என்று நல்ல மனதோடு சொல்லுவாள். ஸ்ரீலட்சுமிக்கு அந்தக் கடையின் கல்லாப்பெட்டியும், அதற்குப் பின்னால் நிமிர்கிற முகமும் கண்ணில் தெரிந்தன.

"கை பழகிப்போச்சு பிரியா" என்றாள். "கறுப்புன்னா கூட்டிப் போட்டே பழகுன கை. தப்புத்தான்."

பிரியம்வதா திரையில் நாகஜோதியின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த நிறத்தைத்தான் நான் காட்ட வந்தேன்" என்றாள். பிறகு ஸ்ரீகுமார் பக்கம் திரும்பினாள். "துடைச்சுட்டு வெறும் முகத்தோட எடுத்துடலாம். மேடைக்கு நான் சென்னையில வேற ஆள் பாத்துக்கறேன்."

ஸ்ரீகுமார் தலையைச் சொறிந்தான். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு அவன் ஏதாவது சொல்லக்கூடும் என்று ஸ்ரீலட்சுமி ஒரு கணம் காத்திருந்தாள். அவன் லென்ஸைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். அவன் துடைப்பதைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மேடை வேலை மட்டுமில்லை, இனிமேல் அவனும் கூப்பிட மாட்டான். கறுத்த பெண்ணை வெளுக்கிறவள் என்ற பேர் ஒட்டிவிட்டால், இந்தத் தொழிலில் அதைத் துடைக்கிற எண்ணெய் கிடையாது.

ஆபீஸ் அறைக்குத் திரும்பி நாகஜோதியை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு கையால்தான் துடைத்தாள். பஞ்சில் எண்ணெய் தொட்டு, நெற்றி, கன்னம், தாடை. இடது கை முந்தானைக்குள் இருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடவில்லை. வழக்கமாக ஸ்ரீலட்சுமி கண்ணை மூடச் சொல்லுவாள். இன்று சொல்லவில்லை. பஞ்சு பஞ்சாகச் சாம்பல் வந்துகொண்டே இருந்தது.

"அந்த அம்மா சொல்றத நான் நம்பலக்கா" என்றாள் நாகஜோதி மெதுவாக. "அன்னைக்கு ஒங்க வீட்டுல எம்புட்டு அழகாப் போட்டீங்க. அது வேற கை மாதிரி இருந்துச்சு."

ஸ்ரீலட்சுமி புதுப் பஞ்சை எடுத்தாள்.

"லைட்டுக் கோளாறா? சொல்லுங்கக்கா, நானே போய் அவுககிட்ட சொல்றேன். எனக்காகத்தான கேக்குறேன்."

மூக்கோரம் துடைத்தாள். காது மடல் துடைத்தாள். துடைக்க இனி ஒன்றும் இல்லை. அந்த முகம் கழுவிய ஆட்டுக்கல் மாதிரி, மாசில்லாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. சின்னப் பெண். இரக்கப்பட்டு இரண்டு பேரிடம் சொல்லும். அதில் ஒருவர் போதும்.

"பாட்டில எடுத்து வை" என்று மட்டும் சொன்னாள்.

நாகஜோதி எழுந்து எண்ணெய்ப் பாட்டிலை மூடி மேசையில் வைத்தாள். வெளியிலிருந்து ஸ்ரீகுமார் கூப்பிட்டான். அவள் நகரவில்லை.

"அப்ப என்னயப் பாத்தா வெளுத்து விடணும்னுதான் ஒங்களுக்கும் தோணுச்சாக்கா?"

ஸ்ரீலட்சுமி பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுருட்டத் தொடங்கினாள். ஒரு கையால் சுருட்ட வரவில்லை, மறுபடி பிரிந்துகொண்டது. அந்தப் பெண் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு நீலக் கவுனின் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டாள்.